மருட்கையும் பெருமிதமும்: பள்ளிக் கருவிகளும் கற்கும் ஆர்வமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்கமும் நூல் வெளியீடும் நிறைந்த இவ்விழாவில், பள்ளிக்கூடத்துக் கருவிகளைப் பற்றிப் பேச ஒருத்தி வந்து நிற்பது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நாம் எழுதும் கவிதையைப் படிப்பவர் எங்கே உருவாகிறார்? எழுத்தறிவைத் தரும் பள்ளியிலேதான். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் பெற்றது நம் குமரி மாவட்டம், 91.75 விழுக்காடு. எழுதப் படிக்கத் தெரிந்தோர் இத்துணைப் பேர் உள்ள மண்ணில், தாமாக விரும்பிப் படிப்போர் எத்துணைப் பேர் என்ற கேள்வி நம்மைத் தொடாமல் யாரைத் தொடும்? எழுத்தறிவைப் பள்ளி தந்துவிட்டது. படிக்கும் ஆர்வத்தைத் தருவது எது? இன்று பள்ளிக்குள் நுழைந்திருக்கும் திரையும் கணினியும் அந்த ஆர்வத்தை வளர்க்கின்றனவா, தேய்க்கின்றனவா? இதுவே என் பொருள்.

இருவகை மெய்ப்பாடு

தமிழாசிரியை என்ற முறையில் தொல்காப்பியத்திலிருந்தே தொடங்குகிறேன். மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறும் தொல்காப்பியர், ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்கள் நந்நான்கையும் உடன் கூறுகிறார். வியப்பாகிய மருட்கை பிறக்கும் இடங்களுள் புதுமையை முதலில் வைக்கிறார். பெருமிதம் பிறக்கும் இடங்களுள் முதலில் வைப்பது கல்வியை.

இந்த வைப்புமுறை என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. புதியதைக் கண்டால் வியப்புத் தோன்றும். புதுமை பழகியதும் அது நீங்கும். கல்வியால் வரும் பெருமிதமோ, தானே ஒன்றைச் செய்து முடித்தவனிடத்தில் தோன்றுவது. பழகப் பழக மிகுவது. கல்வியியலார் ஊக்கம் என்றும், கற்றலுக்கான உந்துதல் என்றும் கூறுவதை நான் இவ்விரண்டாகப் பிரித்துக் காண விரும்புகிறேன். வகுப்பறைக்குப் புதிய கருவி வரும்போதெல்லாம் மாணவர் நிமிர்ந்து உட்காருகின்றனர். "ஆர்வம் பெருகிவிட்டது" என்று நாம் அறிக்கை எழுதுகிறோம். அன்று நாம் கண்டது மருட்கையா, பெருமிதமா என்று கேட்பதில்லை.

மருட்கை வேண்டாததன்று, அது கல்விக்கு வாயில். வாயிலையே வீடென்று எண்ணி அங்கேயே நின்றுவிடுவதுதான் இடர்.

மணலும் ஏடும்

கருவி இல்லாத கல்வி எக்காலத்தும் இருந்ததில்லை. விசயதசமி நாளில் நம் வீடுகளில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதச் செய்கிறோம். கம்பர் வழிபட்டதாக வழிவழியாகச் சொல்லப்படும் பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டு சரசுவதி, ஆண்டுதோறும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் சென்று திரும்பும் மரபு இன்றும் நம் கண்முன் உள்ளது. ஏடு தொடங்கிய பின், திண்ணைப் பள்ளியில் அண்ணாவியின்முன் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதுவர். கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும்.

இந்த வரிசையில் ஒரு நுட்பம் உண்டு. மணலில் எழுதியது பிழையானால் உள்ளங்கையால் ஒரு முறை தடவினால் போதும். பிழை மறையும், புதிய பக்கம் கிடைக்கும். எனவே மணலில் எழுதும் குழந்தைக்குப் பிழையைப் பற்றிய அச்சம் இல்லை. ஓலையில் கீறியதை அழிக்க இயலாது. அதனால் ஓலை கைக்கு வரும் நாள் குழந்தைக்குப் பெருமையான நாள். அஞ்சாமல் தவறு செய்ய ஓரிடம், தேர்ந்ததை நிலைபெறச் செய்ய ஓரிடம் என்று இரண்டையும் அந்த எளிய கருவிகள் தந்தன.

இந்த மணலின் அருமையை உலகுக்குச் சொன்னவர் ஓர் அயலார். 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான காப்பகப் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல். நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதை அவர் கண்டார். தம் பள்ளியிலும் அம்முறையைப் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர் அதற்கு இசையவில்லை. எனவே பெல், எட்டு வயதான ஜான் ஃபிரிஸ்கன் என்னும் மாணவனிடமே அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் அதனைத் திறம்பட நடத்தினான். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அம்முறையைப் பற்றி 1797இல் இலண்டனில் பெல் நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் இருந்ததை அறிவோம். உ.வே.சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தில் சட்டாம்பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறார். எழும்பூர்க் கதையில் நான் காண்பது இதுதான்: மணல் கருவி, அது கையை எழுத வைத்தது. ஆனால் ஃபிரிஸ்கனின் ஆர்வத்தை வளர்த்தது, "நீ அறிந்ததைப் பிறருக்குச் சொல்" என்று ஒருவர் அவன்மீது வைத்த நம்பிக்கை.

பழமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. திண்ணைப் பள்ளியில் பிரம்பும் இருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் அத்திண்ணையில் இடம் இருந்ததா என்று கேட்டால், இந்த மாவட்டத்தில் பிறந்த பலருடைய முன்னோர்கள் இல்லை என்றே விடை கூறுவர். அவ்விடையைக் கேட்ட பிறகே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும்.

அச்சும் ரேந்தையும்

1818இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட், இங்கே அச்சுக்கூடம் நிறுவினார். அது அந்நாளைய கணினி என்றே சொல்லலாம். ஏடு ஒருவரிடம் இருக்க, மற்றவர் கேட்டு மனனம் செய்த நிலை மாறி, புத்தகம் பலர் கைக்கும் வந்தது. திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பிள்ளைகள் எழுத்தைத் தொட்டனர். அவர்களுக்குப் புத்தகம் வெறும் வியப்புப் பொருளாக இருந்திருக்காது. மறுக்கப்பட்டதைக் கையில் ஏந்தும் பெருமிதம் அதில் இருந்திருக்கும்.

பெண் கல்வியிலும் அக்காலத்தில் ஒரு கருவி வந்தது. மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். 1820களில் தொடங்கிய அந்தக் கைத்தொழில் பின்னர் இப்பகுதியின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. ரேந்தை விற்ற வருவாய் பள்ளிக்கு உதவியது. அடிமைநிலையிலிருந்த பெண்கள் சிலர் அந்த ஊதியத்தைக் கொண்டு தம் விடுதலையைப் பெற்றனர் என்றும் மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட 1855ஆம் ஆண்டுக்கு முற்பட்ட செய்தி இது.

பின்னல் திண்டும் நூற்கட்டையும் ஒரு பெண்ணைப் பள்ளியில் இருத்தி வைத்தன என்றால், அதற்குக் காரணம் அவற்றின் புதுமை மட்டுமன்று. தன் விரல்கள் செய்த ஒன்றுக்கு உலகில் மதிப்பு உண்டு என்பதை அவள் கண்ணால் கண்டாள். கருவியைப் பற்றிய என் கருத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று நம் மாவட்டத்தில் எனக்குக் கிட்டவில்லை.

திரை வந்த காலம்

இனி நம் காலத்துக்கு வருவோம். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் பல இலட்சம் பேர் அதனால் மடிக்கணினி பெற்றனர். வீட்டில் ஒரு மேசைகூட இல்லாத பிள்ளையின் மடியில் கணினி அமர்ந்தது. அதை எள்ளி நகையாடியோர் உண்டு. திரைப்படம் பார்க்கத்தான் பயன்படும் என்றோர் உண்டு. அந்த மடிக்கணினியில் தட்டச்சுப் பழகி, படம் வரையப் பழகி, அதனையே தொழிலாக்கிக் கொண்ட மாணவியரை நான் அறிவேன். பாட்டுக் கேட்பதோடு நிறுத்திக் கொண்டவர்களையும் அறிவேன். கருவி ஒன்றே, அதனைக் கொண்டு என்ன செய்வது என்று உடனிருந்து சொல்லிய ஆள் இருந்ததும் இல்லாததுமே வேறுபாடு.

2018இல் வந்த புதிய பாடநூல்களின் பக்கங்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. மாணவர் 'கியூஆர் கோடு' என்று சொல்லும் சிறு கட்டங்கள் அவை. கைப்பேசியால் அதனைப் படித்தால் பாடத்தோடு தொடர்புடைய காட்சி விரியும். 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. மறு ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளிக்குத் திரும்பினர். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுக்கு மேலான காலத்தில் திரையே பள்ளியாயிற்று.

கல்வித் தொலைக்காட்சியின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த இருண்ட காலத்தில் அது ஒரு விளக்கு. ஆனால் அத்திரைக்கு மாணவரைப் பார்க்கும் கண் இல்லை. நம் ஊர்க் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் கேட்டிருக்கிறீர்கள். புலவர் ஓர் அடி சொன்னதும் பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். அந்த ஆமாவில்தான் கதை நடக்கிறது. அவர் வாயை மூடிக் கொண்டால் வில் ஒலித்தும் பயனில்லை. ஒளிபரப்புப் பாடத்தில் குழந்தை போடும் ஆமாவைக் கேட்க ஆளில்லை. புரியாமல் விழிக்கும் விழிப்பைக் காணவும் ஆளில்லை.

பள்ளிகள் திறந்த பின் என்ன நடந்தது? 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. ஏறக்குறைய இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள், அவருள் பெரும்பாலோர் பெண்கள், மாலைப் பொழுதில் தம் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தனர். அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவர், தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளின் கற்றலை அளந்து ஆராய்ந்தனர். தொற்றுக் காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாத அளவில் ஈடு செய்யப்பட்டது என்றும், அம்மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கண்டனர். ஒரு விளக்கு, ஒரு பாய், பக்கத்து வீட்டு அக்கா. அக்காவுக்குக் குழந்தையின் பெயர் தெரியும். நேற்று எந்த எழுத்தில் தடுமாறியது என்பதும் தெரியும்.

ஆய்வுகள் உரைப்பன

திரையைப் பழிப்பதோடு நின்றுவிட்டால் அது நேர்மையாகாது. பிற நாடுகளிலும் பிற மாநிலங்களிலும் நடந்த ஆய்வுகள் மூன்றை மட்டும் சுருக்கமாக எடுத்துரைக்கிறேன்.

முதலாவது, தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் நடந்தது. 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்னும் திட்டத்தின்கீழ் கிராமப் பள்ளிகளில் கணினிகள் வழங்கப்பட்டன. 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான அறிக்கை, மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றது. கருவி சென்றது, அதனைக் கொண்டு கற்பிக்கும் வழி உடன் செல்லவில்லை.

இரண்டாவது, தில்லியில் 2015இல் நடந்தது. நடுநிலைப் பள்ளி மாணவர் 619 பேரை வைத்து, பள்ளி முடிந்தபின் கணினி வழியாகக் கற்பிக்கும் 'மைண்ட்ஸ்பார்க்' என்னும் முறையை ஆராய்ந்தனர். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தோன்றியது. காரணம் என்ன? ஆறாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை உண்மையில் மூன்றாம் வகுப்புக் கணக்கில் நிற்கிறது என்றால், அக்கணினி மூன்றாம் வகுப்புக் கணக்கையே அதற்குத் தந்தது. பிள்ளை நின்ற படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றியது. பலர் முன்னிலையில் தலைகுனிய வேண்டிய தேவையும் இல்லை. ஆக, கணினி மீண்டும் மணலாக ஆக முடியும். அஞ்சாமல் தவறு செய்யும் இடமாக ஆக முடியும்.

மூன்றாவது ஆய்வு நம் எல்லோரையும் விழிக்கச் செய்ய வேண்டியது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுச் செயலி வந்தது. அடுத்த ஆண்டு துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் கணக்குப் பாடத்தில் அதனைச் சோதித்தனர். கேட்டதற்கெல்லாம் விடை தரும் வடிவத்தைப் பெற்ற மாணவர், பயிற்சியின்போது மற்றவரைவிட 48 விழுக்காடு மேம்பட்டனர். பின்னர் கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அக்கருவியையே காணாத மாணவரைவிட 17 விழுக்காடு பின்தங்கினர். விடையை நேரே சொல்லாமல் குறிப்பு மட்டும் தருமாறு திருத்தியமைத்த வடிவத்தைப் பெற்றவர்கள், பயிற்சியில் 127 விழுக்காடு மேம்பட்டனர். தேர்விலும் அத்தகைய சரிவு அவர்களுக்கு இல்லை. ஹம்ஸா பஸ்தானி முதலியோர் செய்த இவ்வாய்வு 2025இல் வெளியாயிற்று.

விடையைத் தரும் கருவி, விடை காணும் இன்பத்தைப் பறித்துக் கொள்கிறது. வெண்பாவின் ஈற்றடிக்குச் சொல் கிடைக்காமல் இரண்டு நாள் அலைந்து, மூன்றாம் நாள் பேருந்தில் அது கிட்டியவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். அந்த இரண்டு நாள் அலைச்சலை யாரேனும் உங்களிடமிருந்து நீக்கித் தர முன்வந்தால் கொடுப்பீர்களா? மாணவரிடமிருந்து நாம் அதனை நாள்தோறும் நீக்கி வருகிறோம்.

பரிசும் ஆர்வமும்

இன்றைய கற்றல் செயலிகள் பலவற்றில் ஒரு விடை சரியானால் ஒரு விண்மீன் ஒளிரும். பத்து விண்மீனுக்கு ஒரு பதக்கம். பிள்ளைகள் விடாமல் அமர்ந்திருக்கின்றனர். இதுவும் ஆர்வம் எனப்படுகிறது. 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்போர் மழலையரிடம் ஓர் ஆய்வு செய்தனர். தாமாக விரும்பி வண்ணம் தீட்டும் பிள்ளைகள் சிலரிடம், "படம் வரைந்தால் பரிசுப் பத்திரம் தருவோம்" என்று முன்கூட்டிச் சொன்னார்கள். பரிசும் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பரிசில்லாத நேரத்தில் கவனித்தபோது, அப்பிள்ளைகள் மற்றவரைவிடக் குறைவாகவே வரைந்தனர். விருப்பத்துக்காகச் செய்தது கூலிக்காகச் செய்ததாக மாறிவிட்டது.

போட்டிகள் நடத்திப் பரிசளிக்கும் நம் போன்ற அமைப்புகளுக்கும் இதில் பாடம் உண்டு. அதனை இறுதியில் கூறுகிறேன்.

பனையும் கைப்பேசியும்

நூலறிவோடு நிறுத்தாமல் என் வகுப்பறையிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். தொற்றுக் காலத்துக்குப் பின் கல்லூரிக்கு வந்த மாணவியரிடம் ஒரு மாற்றம் கண்டேன். செய்யுள் நயம் எழுதி வரச் சொன்னால், மறுநாளே பிழையற்ற கட்டுரை வரும். நாற்பது கட்டுரையிலும் ஒரே முன்னுரை, ஒரே அடைமொழிகள். எந்த மாணவியின் கட்டுரை எது என்று பெயரை மறைத்தால் கூற இயலாது. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். தாம் எழுதினால் இத்துணை அழகாக வராது என்ற எண்ணமே அவர்களை எழுதவிடாமல் தடுத்தது. கருவியின் சிறப்பு அவர்களைச் சிறுமைப்படுத்திவிட்டது.

கைப்பேசியை வகுப்பில் தடைசெய்வது எளிது. நான் வேறொரு பணி கொடுத்தேன். வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் அவர் தொழிலைப் பற்றிப் பேசச் செய்து, கைப்பேசியில் பதிவு செய்து, அதில் வரும் தொழிற்சொற்களைத் தம் கையால் எழுதிப் பொருள் கூற வேண்டும். பனையேறும் குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருத்தி; அதுவரை வகுப்பில் வாய் திறவாதவள். தன் பாட்டா சொன்னவை என்று நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டு வந்தாள். தளைநார், முருக்குத்தடி, பாளை அரிவாள், அரிவாள் பெட்டி, கலயம், அக்கானி என்று நீண்டது பட்டியல். அதில் ஒன்று கடிப்பு. பாளையை இடுக்கி நசுக்கும் மரக்கட்டைகள் என்று பொருள் எழுதியிருந்தாள்.

மறுவாரம் அவளே என் அறைக்கு வந்தாள். "அம்மா, அகராதியில் கடிப்பு என்றால் முரசு அடிக்கும் குறுந்தடி என்று இருக்கிறது. பாட்டா சொன்னது அதில் இல்லை. எதைப் போடுவது?" என்று கேட்டாள். சங்கப் பாடல்களில் முரசறையும் கோலுக்கு வழங்கும் சொல் அது. அதே பெயர் அவள் பாட்டாவின் அரிவாள் பெட்டிக்குள்ளும் கிடந்தது. இரண்டையும் எழுது, உன் பாட்டா சொன்னதை முதலில் எழுது என்றேன். அவள் முகத்தில் அப்போது தோன்றிய மெய்ப்பாட்டுக்குப் பெயர் சொல்ல எனக்கு உரையாசிரியர் துணை வேண்டியிருக்கவில்லை.

எல்லா மாணவியரும் அப்படி மாறிவிட்டனர் என்று கூறமாட்டேன். சிலர் ஒன்றும் கொண்டுவரவில்லை. சிலர் கணினியில் தேடிய பட்டியலையே தந்தனர். ஆனால் ஏழெட்டுப் பேர் அந்த ஆண்டு முழுவதும் சொல் தேடி அலைந்தனர். ஒருகாலத்தில் ஓலை தந்து நம் எழுத்தைக் காத்த பனை, இந்தக் கைப்பேசியின் வழியாக மீண்டும் ஒரு முறை தமிழ் வகுப்புக்குள் வந்தது. கருவி தந்த விடையை அவர்கள் எழுதவில்லை. கருவிக்குத் தெரியாத ஒன்றை அதில் சேர்த்தனர்.

இந்தக் கருவிகள் இன்றியமையாதன ஆகும் இடங்களையும் மறக்கலாகாது. பார்வையற்ற மாணவர்க்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளே கண்ணாக நிற்கிறது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தமிழார்வலர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. நூலகம் இல்லாத மலையோரத்து மாணவிக்கு அது நூலகம். இவற்றை வேண்டாம் என்பவர் கல்வியின் பகைவரே.

நாம் செய்யக் கூடியவை

2025–26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. கருவி வரும், வரவேண்டும். அதனைத் தருவது அரசின் கடமை. அதனைக் கொண்டு ஆக்கும் ஆர்வத்தை ஊட்டுவதில் நமக்கும் பங்கு உண்டு. மூன்று செயல்களை இவ்வட்டத்தின் முன்வைக்கிறேன்.

ஒன்று: நம் பள்ளிப் போட்டிகளில் பரிசை மட்டும் வழங்கி அனுப்பிவிடுகிறோம். இனி, எழுதிய பிள்ளையை ஒரு கவிஞரோடு பத்து நிமிடம் அமரச் செய்வோம். "இந்த அடியில் இச்சொல்லை ஏன் இட்டாய்?" என்று கேட்போம். கேள்விக் கோப்பையைவிட நெடுநாள் நிலைக்கும். மழலையர்க்குப் பாடிய கவிமணி, ஆசிரியராக வாழ்ந்தவர் என்பதை நினைவில் கொள்வோம்.

இரண்டு: தோவாளையின் பூந்தொழில், கடற்கரையின் மீன்பிடித் தொழில், கல்குளம் விளவங்கோட்டின் இரப்பர்ப் பால்வெட்டு, அகத்தீசுவரத்தின் பனைத்தொழில் ஆகியவற்றின் சொற்களைப் பள்ளி மாணவரே கைப்பேசியில் பதிந்து தொகுக்கட்டும். தொகுத்த மாணவர் பெயரோடு நாம் அதனை நூலாக்குவோம். வருங்காலக் கவிஞனுக்கும் அது சொற்களஞ்சியம் ஆகும்.

மூன்று: நம்முள் ஆசிரியர்கள் பலர். எந்தப் பாடமானாலும் மாணவர் முதலில் தம் கையால் ஐந்து வரி எழுதட்டும். பிறகு திரையைத் திறக்கட்டும். பிழையான ஐந்து வரியாயினும் தாழ்வில்லை. அந்த ஐந்து வரியை ஆசிரியர் படிக்க வேண்டும். படித்ததற்கு அடையாளமாக ஒரு சொல்லாவது அதன் பக்கத்தில் எழுத வேண்டும்.

கருத்து வேறுபாடு உடையோர் இந்த அவையிலேயே இருக்கக் கூடும். திறன் வகுப்பறையில் கற்பித்துப் பயன் கண்ட ஆசிரியர்கள் உங்கள் பட்டறிவைச் சொல்லுங்கள். நான் கேட்கக் காத்திருக்கிறேன்.